‘டிரா’ என்னும் ஒரு வினை: பொருள் பலவும் பயன் பலவும்

நமது சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களும் பேரேடுகளும் தமிழில் எழுதப்படுகின்றன. ஆயினும் அங்கத்தினர் ஒருவர் வங்கிக்குச் செல்லும்போதும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போதும், நூற்பாலையின் பட்டியலைப் புரட்டும்போதும், கிணற்றுக்குப் பம்பு வாங்கும்போதும் ஆங்கிலச் சொற்கள் அவர் முன் வந்து நிற்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு நாம் தொழில் நடத்த இயலாது. ஆகவே அத்தகைய ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருள்களை வகைப்படுத்தி, நம் தொழிலுக்கு அது எவ்வாறு பயன்படுகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஆங்கிலத்தில் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சுவோர் பலர். உண்மையில் அஞ்சத்தக்கவை அவை அல்ல. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே இருக்கும். அகராதியைப் புரட்டினால் ஐயம் தீரும். சின்னஞ்சிறு வினைச்சொற்களோ ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வேடம் பூணுவன. ‘டிரா’ என்பது அவற்றுள் ஒன்று. படம் வரைதல் என்று பள்ளியில் கற்ற பொருளை மட்டும் மனத்திற்கொண்டு வங்கித் தாளைப் படித்தால் ஒன்றும் விளங்காது. விளங்காத தாளில் கையெழுத்திடுவதால் வரும் நஷ்டம் நம்முடையதேயாகும்.

தமிழிலும் இது புதுமையன்று

ஒரு வினை பல வேலை செய்வது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தையல்ல. நம் ‘போடு’ என்னும் சொல்லைப் பாருங்கள். தறியில் பாவு போடுகிறோம். வயலுக்கு உரம் போடுகிறோம். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறோம். கடனுக்கு வட்டி போடுகிறோம். சந்தையில் கடை போடுகிறோம். இவற்றுள் எதிலும் நமக்கு மயக்கம் உண்டாவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைக் கொண்டு பொருளை உணர்ந்துகொள்கிறோம். ஆங்கிலேயரும் ‘டிரா’ என்பதை அவ்வாறே உணர்கின்றனர். நாமும் அதன் மூலப் பொருளையும் பக்கத்தில் நிற்கும் சொற்களையும் கவனித்தால் போதும்.

வேர் ஒன்று: இழுத்தல்

பழைய ஆங்கிலத்தில் ‘டிராகன்’ என்று ஒரு வினை இருந்தது; பறக்கும் பாம்பைக் குறிக்கும் பெயர் வேறு, இது வேறு. இழுத்தல் என்பதே இதன் பொருள். அதிலிருந்து வந்ததே ‘டிரா’. தரையோடு இழுத்துச் செல்வதைக் குறிக்கும் ‘டிராக்’ என்பது இதன் உறவுச் சொல். சுமத்தல் என்னும் பொருள்பட ஜெர்மானியர் வழங்கும் ‘டிராகன்’ என்ற வினையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இவ்வினையின் மூன்று வடிவங்களை முதலில் மனத்தில் இருத்துக. நிகழ்காலத்தில் ‘டிரா’, இறந்தகாலத்தில் ‘டிரூ’, செயப்பாட்டு வாக்கியத்திலும் முடிவுற்ற செயலைச் சொல்லும்போதும் ‘டிரான்’. வங்கித் தாள்களிலும் ஒப்பந்தங்களிலும் நாம் மிகுதியாகக் காண்பது இந்த மூன்றாம் வடிவமே.

இழுத்தல் என்ற ஒன்றிலிருந்து பொருள்கள் நான்கு திசைகளில் கிளைக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற்கிளை: முன்னே இழுத்துச் செல்லுதல்

காளை வண்டியை இழுக்கிறது, அது ‘டிரா’. வண்டியும் ஏரும் இழுக்கும் மாட்டை ‘டிராஃப்ட்’ மாடு என்பர். காங்கயம் காளையைக் கால்நடை நூல்கள் ‘டிராஃப்ட்’ இனம் என்று குறிப்பது இக்காரணத்தாலேயே. டிராக்டரின் பின்புறத்தில் கலப்பையோ இழுவை வண்டியோ பூட்டும் தண்டுக்கு ‘டிராபார்’ என்று பெயர். டிராக்டர் விற்பவர் எஞ்சினின் குதிரைத் திறனை முதலிற் சொல்லுவார். உழவருக்கு வேண்டியது டிராபாரில் கிட்டும் இழுவைத் திறன். இடையிலுள்ள பற்சக்கரங்களில் ஒரு பகுதியும், மண்ணில் சக்கரம் வழுக்குவதில் ஒரு பகுதியும் வீணாவதால், இழுவைத் திறன் எஞ்சின் திறனைவிடக் குறைவாகவே இருக்கும். விலை பேசுமுன் இரண்டையும் தனித்தனியே கேட்டறிவது நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் இழுவை மாட்டைக் குறிக்கும் ‘டிராஃப்ட்’ என்ற சொல்லின் எழுத்துக்கள், வறட்சியைக் குறிக்கும் ‘டிரவுட்’ என்ற சொல்லின் எழுத்துக்களை ஏறக்குறைய ஒத்திருக்கும். ஒரு உயிரெழுத்துத்தான் வேற்றுமை. ஆனால் வறட்சி என்னும் சொல் உலர்தலைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது; இரண்டுக்கும் உறவில்லை. வறட்சி நிவாரண விண்ணப்பத்தை நிரப்புவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாங்கிளை: உள்ளிருப்பதை வெளியே இழுத்தல்

இதுவே இவ்வினையின் மிகப் பெரிய கிளை. கிணற்றிலிருந்து நீரை இழுத்தல் ‘டிரா’. உறையிலிருந்து வாளை இழுத்தல் ‘டிரா’. தாடையிலிருந்து பல்லை இழுத்தல் ‘டிரா’. பானையிலிருந்து குலுக்கல் சீட்டை எடுத்தல் ‘டிரா’. கருவூலத்திலிருந்து சம்பளத்தைப் பெறுதல் ‘டிரா’. ஆங்கிலேயர் ஒரு வினையால் முடிக்கும் இவ்வேலைகளுக்கு நாம் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். நீரை இறைக்கிறோம், வாளை உருவுகிறோம், பல்லைப் பிடுங்குகிறோம், சீட்டை எடுக்கிறோம், சம்பளத்தைப் பெறுகிறோம். ஆகவே மொழிபெயர்க்கும்போது ‘டிரா’ என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல்லை எங்கும் பொருத்த முயல்வது வீண். எதனை எதிலிருந்து எடுக்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய தமிழ் வினையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றையும் இவ்வாறு வெளியே இழுக்கலாம். சான்றுகளிலிருந்து ஒரு முடிவை ‘டிரா’ செய்தல் என்றால் அம்முடிவுக்கு வருதல். அநுபவத்தின் மேல் ‘டிரா ஆன்’ செய்தல் என்றால் அதனைத் துணையாகக் கொள்ளுதல்.

மேசையில் இழுத்துத் திறக்கும் பெட்டிக்கு ‘டிராயர்’ என்று பெயர் வந்ததும் இழுப்பதனாலேயே. காலில் இழுத்து மாட்டிக்கொள்ளும் உடைக்கும் அதே பெயரே வழங்கலாயிற்று. நம் ஊர்களில் சிறுவர் அணியும் டிராயர் இதுவே. காசோலை எழுதுபவரும் ‘டிராயர்’ தான்! வங்கியிலிருந்து வந்த தாளில் டிராயரைக் கேட்கவும் என்று கண்டு, மேசை அறையைத் திறந்து தேடவேண்டியதில்லை. அதன் பொருளைப் பின்னர் விளக்குவோம்.

மூன்றாங்கிளை: நீட்டி மெல்லியதாக இழுத்தல்

இக்கிளை நெசவாளருக்குச் சொந்தம். உலோகத்தைத் துளையினூடே இழுத்துக் கம்பியாக்குவதை ‘ஒயர் டிராயிங்’ என்பர். வெள்ளிக் கம்பியைச் சிறிய துளை, அதனினும் சிறிய துளை என்று வரிசையாகப் பல துளைகளின் வழியே இழுத்து, இழைபோல் மெலிதாக்கி, தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுற்றிப் பின் பொன் முலாம் ஏற்றுவதே அசல் ஜரிகை செய்யும் முறை. நம் சேலைக் கரையில் மின்னுவது இந்த ‘டிரா’வின் பயனேயாகும்.

நூற்பாலையில் ‘டிராயிங்’ என்று ஒரு பிரிவு உண்டு. பஞ்சைச் சிக்கெடுத்த பின் கிடைக்கும் திரிகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். அத்திரிகளில் 6 அல்லது 8ஐ ஒன்றாகச் சேர்த்து, உருளை ஜோடிகளின் இடையே செலுத்துகிறார்கள். பின் உருளையைவிட முன் உருளை விரைந்து சுழலும். அந்த வேக வித்தியாசத்தால் திரி நீண்டு மெலிகிறது. முன் உருளையின் பரப்பு வேகம் பின்னதைப்போல் எத்தனை மடங்கோ, அதுவே ‘டிராஃப்ட்’ எனப்படும். 8 திரிகளைச் சேர்த்து 8 மடங்கு இழுத்தால், வெளிவரும் திரி முன்பிருந்த ஒரு திரியின் பருமனே இருக்கும். ஆனால் ஒன்றின் மெலிவை மற்றொன்றின் தடிப்பு ஈடுசெய்துவிடுவதால் அது சீராக அமையும். உருளைகளைக் கொண்டு இழைக்கும் இம்முறைக்கு இங்கிலாந்தில் லூயிஸ் பால் என்பவர் 1738இல் காப்புரிமை பெற்றார். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769இல் காப்புரிமை பெற்ற நூற்பு யந்திரம் அதனைப் பெருந்தொழிலாக்கிற்று.

தறிக்கு வருவோம். பாவு இழைகளை விழுதிலும் பண்ணையிலும் கோக்கும் வேலைக்கு ஆங்கில நூல்கள் ‘டிராயிங் இன்’ என்று பெயரிடுகின்றன. உள்ளே இழுத்தல் என்பது நேர்ப்பொருள். எந்த இழை எந்த விழுதில் புக வேண்டும் என்று கட்டங்களில் குறித்த திட்டத்தாள் அங்கே ‘டிராஃப்ட்’ எனப்படும். ஆக, நூற்பாலையில் ‘டிராஃப்ட்’ என்றால் மடங்குக் கணக்கு; தறியில் ‘டிராஃப்ட்’ என்றால் கோப்புத் திட்டம்; வங்கியில் ‘டிராஃப்ட்’ என்றால் பணத்தாள்; சங்க அலுவலகத்தில் ‘டிராஃப்ட்’ என்றால் தீர்மான நகல். இடம் அறிந்து பொருள் கொள்க.

ஐரோப்பாவில் பட்டில் பூவேலை செய்த பழைய தறிக்கு ‘டிரா லூம்’ என்று பெயர். நெசவாளர் ஊடையை வீச, உதவியாளன் ஒருவன் கயிறுகளை இழுத்து, வேண்டிய பாவு இழைகளை மட்டும் தூக்கிக் கொடுப்பான். ‘டிரா பாய்’ என்று அழைக்கப்பட்ட அவன் பெரும்பாலும் சிறுவன். நாளெல்லாம் ஓயாத உழைப்பு அவனுக்கு. பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் அமைத்த கருவி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அவ்வேலையைச் செய்தது. நம் தறிகளின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நான்காங்கிளை: கோடாக இழுத்தல்

எழுதுகோலைத் தாளின்மேல் இழுத்தால் கோடு விழுகிறது. கோடுகள் சேர்ந்தால் படம். நாம் பள்ளியிற் கற்ற பொருள் இங்கேதான் பிறக்கிறது. நம்மவரும் பேச்சில் கோடு இழுத்தல் என்று சொல்வதுண்டு.

படத்திலிருந்து எழுத்துக்கும் இப்பொருள் பரவிற்று. ‘டிரா அப்’ என்றால் ஒப்பந்தம், உயில், வரவு செலவுத் திட்டம் முதலியவற்றை எழுதி உருவாக்குதல். தமிழில் வரைதல் என்ற சொல்லும் இதே வழியிற் சென்றிருப்பது வியக்கத்தக்கது. படம் வரைகிறோம், கடிதம் வரைகிறோம், தீர்மானத்தின் முதற்படிவத்தை வரைவு என்கிறோம். வங்கியின் டிமாண்ட் டிராஃப்டுக்கு வரைவோலை என்ற பெயர் மிகப் பொருத்தமாக அமைந்தது இதனாலேயே.

வங்கியில் ‘டிரா’: மூவர் யார்?

இனி நம் பணத்தைத் தொடும் பகுதிக்கு வருவோம். இதனைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும்.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலையில் மூவரைக் காண்கிறது. காசோலையை எழுதிக் கையெழுத்திடுபவர் ‘டிராயர்’. பணம் கொடுக்குமாறு ஆணையிடப்படும் வங்கி ‘டிராயீ’. பணத்தைப் பெற வேண்டியவர் ‘பேயீ’. வணிகர் ஒருவர் நம் சங்கத்திடம் சேலை வாங்கிக்கொண்டு காசோலை கொடுத்தால், வணிகர் டிராயர், அவருடைய வங்கி டிராயீ, நம் சங்கம் பேயீ.

வினைக்குப் பின் வரும் சிறு சொற்கள் இம்மூவரையும் அடையாளம் காட்டுகின்றன. ‘டிரான் பை’ என்பதன் பின் வருவது எழுதியவர் பெயர். ‘டிரான் ஆன்’ என்பதன் பின் வருவது பணம் கொடுக்க வேண்டிய வங்கியின் பெயர். ‘டிரான் இன் ஃபேவர் ஆஃப்’ என்பதன் பின் வருவது பெற வேண்டியவர் பெயர். ‘ஆன்’ என்பதற்கு மேலே என்று பொருள் கற்றவர், வங்கியின் மேல் என்ன வரைந்தார்கள் என்று மயங்குவர். அவ்வங்கியின் பொறுப்பிலுள்ள பணத்தை இழுக்குமாறு எழுதப்பட்டது என்பதே கருத்து. முற்காலத்தில் வணிகர்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரிலுள்ள வணிகர்மேல் உண்டியல் எழுதினார்கள் அல்லவா? அந்த ‘மேல்’ தான் இந்த ‘ஆன்’.

காசோலையின் முகத்தில் குறுக்காக இரண்டு இணைகோடுகளை இழுப்பதும் ‘டிரா’வே. அவ்வாறு கோடிட்ட காசோலைக்கு வங்கிச் சாளரத்தில் ரொக்கம் தரப்படமாட்டாது. ஒரு வங்கிக் கணக்கின் வழியாகவே பணம் செல்லும். தபாலில் அனுப்பும் காசோலைக்கு இந்த இரண்டு கோடுகளே நல்ல காவல்.

டிராயரைக் கேட்கவும்

நாம் வங்கியிற் செலுத்திய காசோலை சில வேளை ஒரு சிறு சீட்டோடு திரும்பிவிடும். அதில் ‘ரெஃபர் டு டிராயர்’ என்று குறித்திருக்கலாம். எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள் என்பது அதன் பொருள். பெரும்பாலும் கணக்கில் பணம் போதவில்லை என்பதை நயமாகச் சொல்லும் முறையே இது. இதனைச் சிறு விஷயம் என்று எண்ணிச் சீட்டைக் கிழித்தெறிந்துவிடலாகாது.

மேற்படி சட்டத்தில் 1988இல் செய்யப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் 138ஆம் பிரிவைச் சேர்த்தது. உள்ள கடனைத் தீர்ப்பதற்காகக் கொடுத்த காசோலை, பணம் போதாமையால் திரும்புமாயின், டிராயர் குற்றவாளியாகக்கூடும். 2002ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்று உள்ளது. ஆனால் இந்தப் பாதுகாப்பைப் பெற நாள் கணக்குத் தவறாமல் நடக்க வேண்டும். காசோலையை அது செல்லுபடியாகும் காலத்துக்குள் வங்கியில் செலுத்தியிருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 1 முதல் அக்காலம் அதில் கண்ட தேதியிலிருந்து மூன்று மாதமாகும். திரும்பிய செய்தி கிடைத்த 30 நாளுக்குள் டிராயருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் செலுத்தலாம். செலுத்தாவிடில் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். நாளை பார்ப்போம் என்று இருப்பவர் இந்த வழியை இழக்க நேரும்.

மறுபுறத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் டிராயராகவும் இருக்கிறோம். நூலுக்கோ உரத்துக்கோ கடன் வாங்கும்போது, பிணையாக இருக்கட்டும் என்று தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கையெழுத்திட்டவர் டிராயர், மற்றவர் தொகையை நிரப்பினாலும் டிராயர் டிராயரே. ஒருவர் மனமுவந்து கையெழுத்திட்டு ஏதேனும் கொடுக்கல் வாங்கலுக்காக ஒப்படைத்த வெற்றுக் காசோலையும், மாறாகச் சான்று காட்டப்படாத வரையில், கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று சட்டம் அநுமானிக்கும் என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாறான சான்றைக் காட்டும் சுமை கையெழுத்திட்டவர்மேல் விழுகிறது. ஆதலின் தொகையும் தேதியும் பெயரும் இல்லாத காசோலையில் கையெழுத்திடுவதில்லை என்ற உறுதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும்.

வரம்பு வேறு, டிராயிங் பவர் வேறு

சங்க நிர்வாகிகளும் அங்கத்தினர்களும் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு தொடர் ‘டிராயிங் பவர்’. படம் வரையும் ஆற்றல் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. காசுக்கடன் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்க உரிமை உண்டு என்பதே பொருள்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு நெசவாளர் சங்கத்துக்கு வங்கி 10,00,000 ரூபாய் வரம்பு அநுமதித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சங்கத்தில் நூலும் துணியுமாக இருப்பு 12,00,000 ரூபாய். நூல் வாங்கிய வகையில் கொடுக்க வேண்டிய பாக்கி 2,00,000 ரூபாய். இதனைக் கழித்தால் 10,00,000 மிஞ்சும். வங்கி கேட்கும் காப்பு விளிம்பு நூற்றுக்கு 25 என்றால், 2,50,000 கழிந்து 7,50,000 நிற்கும். இதுவே டிராயிங் பவர். வரம்பு 10,00,000 ஆயினும் எடுக்கக்கூடியது 7,50,000 மட்டுமே.

அடுத்த மாதம் இருப்பு 8,00,000 ஆகக் குறைந்து, பாக்கி மாறாமல் இருக்குமானால், மிஞ்சுவது 6,00,000. காப்பு விளிம்பு போக 4,50,000. முன்னரே 7,00,000 எடுத்திருந்தால் சங்கம் 2,50,000 ‘ஓவர்டிரான்’, அதாவது உரிமைக்கு மேல் எடுத்த நிலையில் நிற்கிறது. புதிதாக ஒரு ரூபாயும் எடுக்காமலே இந்நிலை வந்துவிட்டதைக் கவனிக்க. விற்ற துணியின் பணம் உடனே கணக்கில் வந்து சேர்ந்திருந்தால் இது நேர்ந்திராது. இந்த மிகை 90 நாள் தொடர்ந்து நீடித்தால் ரிசர்வ் வங்கியின் விதிகள் அக்கணக்கை ஒழுங்கு தவறியதாகக் கொள்கின்றன. பிறகு நூல் வாங்கப் பணம் கிடைப்பது அரிதாகும். பாவு இன்றித் தறி நிற்கும். ஆகவே மாதந்தோறும் இருப்புப் பட்டியலை உண்மையாகவும் காலத்தோடும் அனுப்புவது குமாஸ்தாவின் சடங்கு அல்ல. ஒவ்வொரு தறியின் கூலியும் அதில் அடங்கியிருக்கிறது.

விவசாயிகளுக்கு இதனை வேறு விதமாகவும் விளக்கலாம். கிணற்றில் பம்பு ஓடும்போது நீர்மட்டம் இறங்கும் அளவை ‘டிராடவுன்’ என்பர். இறைக்குமுன் நீர் 10 மீட்டர் ஆழத்தில் இருந்து, இறைத்தபின் 14 மீட்டர் ஆழத்துக்குச் சென்றால் டிராடவுன் 4 மீட்டர். ஊறும் வேகத்துக்கு மேல் இறைத்தால் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். வங்கியும் இதே சொல்லை வழங்குகிறது. அநுமதித்த கடனைத் தவணை தவணையாக எடுப்பதும் ‘டிராடவுன்’ தான்.

‘வித்’தும் ‘பேக்’கும் சேரும்போது

‘வித்ட்ரா’ என்பதில் முன்னே நிற்கும் ‘வித்’ என்பதற்கு உடன் என்று பொருளல்ல. அப்பால், பின்னால் என்பது அதன் பழம்பொருள். சேமிப்பிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தல், தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெறுதல், சொன்ன சொல்லை மீட்டுக்கொள்ளுதல், அங்கத்தினர் பொறுப்பிலிருந்து விலகுதல் ஆகிய யாவும் ‘வித்ட்ரா’. வீட்டின் கூடத்தை ‘டிராயிங் ரூம்’ என்பதும் இதனால் வந்ததே. விருந்து முடிந்தபின் பெண்டிர் விலகிச் சென்று அமர்ந்த அறையை இங்கிலாந்தில் ‘வித்டிராயிங் ரூம்’ என்றார்கள். முன்பகுதி தேய்ந்து இந்நாளைய பெயர் நின்றது. அங்கே யாரும் படம் வரைந்ததில்லை.

‘டிராபேக்’ என்பதற்குப் பொதுவழக்கில் குறைபாடு என்று பொருள். ஆனால் ஏற்றுமதித் தாளில் ‘டியூட்டி டிராபேக்’ என்று கண்டால் அஞ்ச வேண்டாம். இறக்குமதியான மூலப்பொருளுக்குக் கட்டிய சுங்கவரியை, அப்பொருளாற் செய்த சரக்கை ஏற்றுமதி செய்தபின் திரும்பப் பெறுவதே அது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. குறை என்று எண்ணி விட்டுவிட்டால் நமக்கு வர வேண்டிய பணம் வராது.

ஆங்கிலேயருக்கே மயக்கம் தரும் இடமும் ஒன்று உண்டு. திரையை ‘டிரா’ செய் என்றால் மூடு என்றும் பொருள்படும், திற என்றும் பொருள்படும். இரண்டும் இழுத்துச் செய்யும் வேலையே. ஆகவே எழுத்தில் ஐயம் எழும் இடத்தில் கேட்டுத் தெளிவது குறையன்று.

நினைவிற் கொள்ளத்தக்க நான்கு கேள்விகள்

இச்சொல்லை எந்தத் தாளிற் கண்டாலும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்க. இழுப்பவர் யார்? இழுக்கப்படுவது எது? எதிலிருந்து அல்லது யாரிடமிருந்து இழுக்கப்படுகிறது? எவ்வளவு வரை இழுக்கலாம்? நான்குக்கும் விடை கிடைத்தால் கையெழுத்திடலாம். ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிடில் தாளைக் கீழே வைத்துவிட்டுக் காரியதரிசியையோ வங்கி அலுவலரையோ விளக்கம் கேட்க வேண்டும். பொருள் கேட்டறிவது அங்கத்தினரின் உரிமை.

பயிற்சி

கீழ்க்கண்ட வாக்கியங்களுக்குத் தமிழில் பொருள் எழுதிப் பார்த்து, பின்னர் விடைகளோடு ஒப்பிடுக.

1. தி கமிட்டி டிரூ அப் தி பட்ஜெட்.
2. தி செக் வாஸ் டிரான் ஆன் அவர் பேங்க்.
3. ஹி ஹாஸ் ஓவர்டிரான் ஹிஸ் அக்கவுண்ட்.
4. ஷி வித்ட்ரூ ஹர் நாமினேஷன்.
5. தி மேட்ச் வாஸ் டிரான்.
6. தி புல்லக்ஸ் டிரூ வாட்டர் ஃப்ரம் தி வெல்.

விடைகள்: 1. நிர்வாகக் குழு வரவு செலவுத் திட்டத்தை வகுத்தது. 2. அக்காசோலை நமது வங்கியின்மேல் எழுதப்பட்டது. பணம் கொடுக்க வேண்டியது நம் வங்கி. 3. அவர் தம் கணக்கில் உரிமைக்கு மேல் பணம் எடுத்துவிட்டார். 4. அவர் தம் வேட்புமனுவைத் திரும்பப் பெற்றார். 5. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 6. காளைகள் கிணற்றிலிருந்து கவலை இழுத்து நீர் இறைத்தன.

வாய்ப்புள்ள சங்கங்கள், கூட்டம் முடிந்தபின் ஒரு பழைய காசோலையையும் ஓர் இருப்புப் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு இப்பாடத்தை உரக்கப் படித்து விளக்கலாம். கண்ணாற் கண்டு கற்றது எளிதில் மறவாது.